மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை

அளவுக்கு மீறிப் பெருத்த மார்பகத்திலிருந்து கொழுப்பு, சுரப்பித் திசு, மிகைத் தோல் ஆகியவற்றை அகற்றும் அறுவைச் சிகிச்சை. கழுத்து, தோள், முதுகு வலியும், மார்பின் அடியில் திரும்பத் திரும்ப வரும் தோல் புண்ணுமே பலரை இதற்குக் கொண்டுவருகின்றன. வெறும் அழகுச் சிகிச்சை என ஒதுக்குவது சரியன்று. முழு மயக்கத்தில், பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் முடியும்.

முலைக்காம்பைப் பெரும்பாலும் அதன் இரத்த ஓட்டம் அறுபடாதபடி, ஒட்டிய திசுவோடு சேர்த்தே மேலே நகர்த்துவர். அந்த ஓட்டம் தடைப்பட்டால் காம்பு அழுகக்கூடும், இது அரிது. அடிக்கடி காணப்படுவது, காயம் ஆறத் தாமதமாவதே. அதிலும் செங்குத்துத் தையலும் மார்படித் தையலும் சந்திக்கும் இடத்தில். தொற்று, உள்ளே இரத்தம் தேங்குதல், காம்பில் உணர்ச்சிக் குறைவு, இரு பக்கமும் ஒத்துவராமை ஆகியவையும் நேரலாம். பின்னாளில் தாய்ப்பால் சுரப்பு குறையலாம் என்பதால், குழந்தை பெற எண்ணுவோர் இதை முன்பே பேசிவிட வேண்டும். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வர்.

மேசை வேலைக்கு 2, 3 வாரத்தில் திரும்பலாம். குடம், குழந்தை எதையும் 4 முதல் 6 வாரம் தூக்கக் கூடாது. தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலாகலாம், முற்றிலும் மறையாது. காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.