ஏடனில் கேட்ட மெட்டு

சோமாலியர்களின் இந்திப் பட மோகத்தை யேமனின் ஏடன் துறைமுகத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக ஆளப்பட்ட ஊர் அது. இந்திய வணிகர்களும் சிப்பாய்களும் குடியேறிய இடத்துக்குப் படப்பெட்டிகள் வந்துசேர அதிக நாளாகவில்லை. எதிர்க்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சோமாலியர்களும் கொட்டகைக்குள் நுழைந்தார்கள்.

அங்கே வளர்ந்தவர் சோமாலி இசைக்கலைஞர் அப்துல்லாஹி கர்ஷே. 1924இல் தாங்கனிகாவின் மோஷியில் பிறந்தவர். ஏடன் கடைத்தெருவில் அரபியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாட்டு ஒலிக்க, சோமாலியில் மட்டும் ஏன் இல்லை என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வாத்திய இசையைப் பாவமென்று ஒதுக்கிய சமூகத்தில் ஊத் என்னும் நரம்புக் கருவியைத் தேடிப்பிடித்தார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் ஹர்கெய்சாவுக்குப் போனார். அக்காலச் சோமாலிப் பாடல்கள் பலவும் இந்திப் பட மெட்டில் அமைந்தவை. இதைக் களவென்று இகழ்வது அநியாயம். மெட்டு கடன், கவிதை சொந்தம். விரைவிலேயே கர்ஷே சொந்த மெட்டுகளில் விடுதலைப் பாடல்கள் கட்டினார். ஆளுநர்களும் தளபதிகளும் நிறைந்த சோமாலிய வரலாற்றில் இவருக்கு நிகரான நாயகர்கள் குறைவு.

1960இல் விடுதலை வந்தபின் தலைநகர் மொகதிஷுவின் அரங்குகளில் இந்திப் படங்கள் ஓடின. வசனம் புரியாவிட்டாலும் பாட்டும் கண்ணீரும் சண்டையும் புரிந்தன. சோமாலிக்கு அதிகாரபூர்வ எழுத்தே 1972இல்தான் வந்தது. அதுவரை சோமாலியில் துணைவசனம் போட்டு விளக்கும் வழியே இருக்கவில்லை. 1991இல் அரசு வீழ்ந்து அரங்குகள் பாழாகின. படம் வீடியோ கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. 2006இல் மொகதிஷுவைப் பிடித்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஆயுதக் குழுவினர் அவற்றையும் இழுத்து மூடினர். கலகத்தில் சாகும் ஊரில் சினிமாவைக் குற்றவாளியாக்கிய அந்த மூடத்தனத்துக்குச் சமாதானம் கிடையாது.

பூட்டிய கொட்டகையின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. அதில் பார்க்கும் படங்களுக்கு மூல ஒலியைத் தணித்து அதன்மேல் சோமாலிக் குரலை ஏற்றும் எளிய முறையே பெரும்பாலும் கையாளப்படுகிறது. ஒரே குரல் நாயகனுக்கும் வில்லனுக்கும் மாறிமாறிப் பேசுவதும் உண்டு. பாடல்களைப் பெரும்பாலும் பெயர்ப்பதில்லை. வாய்மொழிக் கவிதையில் ஊறிய சமூகத்துக்கு இந்தக் கதைசொல்லிக் குரல் அந்நியமாகப் படவில்லை. இன்று தமிழ், தெலுங்குப் படங்களும் இதே வழியில் போய்ச் சேர்கின்றன. அங்கே அவையும் 'இந்திப் படங்கள்'தான்.