மலையகத்துக்கு விஞ்ஞானப் பிரிவு வந்த வரலாறு

சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு வீட்டில் எழும் கேள்வி, பிள்ளை பயோ எடுப்பதா, மெட்ஸ் எடுப்பதா என்பதாகும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே மலைச்சரிவுகளில் விரிந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களிலோ, அக்கேள்விக்கு முன்பாகவே, காலையில் பஸ் ஏறி மாலையில் லயத்துக்குத் திரும்பக்கூடிய தூரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலை எது என்னும் கேள்வி வந்து நிற்கும். வைத்தியராக விரும்பும் மாணவன் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் கற்கவேண்டும் என்பதை எவரும் ஒரு மூச்சிற் சொல்லிவிடலாம். அம்மூன்றும் இம்மலைகளில் ஏறிவந்த கதை அத்துணைச் சுருக்கமானதன்று.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் திறக்கப்பெற்றது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே, மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, பின்னாளில் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்துத் தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றுவித்தார். அதே தீவில், அதே மொழியைப் பேசிக்கொண்டு கோப்பித் தோட்டங்களில் உழைத்த ஜனங்களோ, மருத்துவத்தை நோயாளிகளாய் மாத்திரமே அறிந்திருந்தார்கள். தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வேரூன்றிய பின்னர், அந்த ஏற்பாடு தோட்டத்து டிஸ்பென்சரியாய் உருப்பெற்றது. அங்கே அமர்ந்திருந்தவர் பெரும்பாலும் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் அல்லர், மருந்து கலக்கப் பயின்றவரே; எனினும் லயத்து ஜனங்களுக்கு அவர் டாக்டர் ஐயா. துரை, கிளாக்கர், டீமேக்கர், டாக்டர் ஐயா என்னும் அந்த வரிசையில், கொழுந்து பறிப்பவளின் மகனுக்கென்று போடப்பட்ட நாற்காலி ஒன்றுமில்லை.

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திற்று. 1920ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என விதித்தது. இவ்விதியைச் சற்று நின்று வாசித்தல் நன்று. பத்து மணிக்குப் பின் அமர்த்தலாம் என்பதே அதன் மறுபக்கம். பாடசாலை என்று பேர்பெற்றது பெரும்பாலும் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபம். அதில் ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் ஒருங்கே நடத்துவார். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, முதலாம் வகுப்புக்கு அகரம் சொல்லிக் கொடுக்கத் திரும்புவார். அதற்குள் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக எழுந்து லயத்துக்குப் போயிருக்கும். வாசிப்பும் எழுத்தும் கணக்குமே பாடங்கள். விஞ்ஞானம் என்னும் சொல் அம்மண்டபத்தில் ஒலிப்பதற்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாடெங்கும் பரவியபோது, தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தின் கையிலேயே தங்கிவிட்டன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. உயர்தரப் பரீட்சை பல்கலைக்கழகப் பிரவேசத்துக்குரிய வாயிலாக அமைந்ததும் அதே 1964ஆம் ஆண்டில்தான். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் நான்கும் மருத்துவத்துக்குரிய பாடங்களென வகுக்கப்பட்ட காலத்தில், தோட்டத்துக் குடும்பங்கள் கண்டிச் சீமையா கடல்கடந்த ஊரா என்று தெரியாமல் விண்ணப்பப் பத்திரங்களோடு அலைந்துகொண்டிருந்தன. மெதடிஸ்த மிஷன் பாடசாலையாய்த் தோன்றிப் பின்னர் ஹைலண்ட்ஸ் கல்லூரி என வழங்கலாயிற்று ஹட்டனிலுள்ள ஒரு கலாசாலை. அது போன்ற நகரத்துப் பாடசாலைகளில் மேல்வகுப்பு வரை ஏறியவர்கள், பெரும்பாலும் கங்காணிமாரின், தோட்டத்து உத்தியோகத்தரின், கடைக்காரரின் மக்களாயிருந்தார்கள்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின; அதன் தொடர்ச்சியாக, 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளையும் அரசு படிப்படியாய்ப் பொறுப்பேற்றது. சுவீடன் தேசத்தின் உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியால், கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடாகும். ஆனால் உயர்தரத்தில் இரசாயனவியல் கற்பிக்கப் பட்டதாரி ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். அளவியும் குழாயியும் நுணுக்குக்காட்டியும், குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரும் வேண்டும். கட்டடம் கட்டியவுடன் இவை தாமாக வந்து குடியேறுவதில்லை.

ஆகையால் மலையகத்துப் பெற்றோர் ஒரு பாடசாலையின் பெருமையை அதன் வகையைக் கொண்டே அளக்கப் பழகிவிட்டனர். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானமும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். இரண்டாம் வகையானால் படிப்பு சாதாரண தரத்தோடு நிற்கும். விஞ்ஞானத்தில் நல்ல சித்தி பெற்ற பிள்ளைகள் பலர் கலைப் பிரிவிற் சேர்ந்தது இலக்கிய நாட்டத்தாலன்று. ஏறிய பஸ் நின்ற இடத்தில் அப்பிரிவே இருந்தது என்பதனாலேயே. வசதியுள்ளோர் பிள்ளைகளைக் கண்டிக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விடுதிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் சனி ஞாயிறுகளில் ஹட்டன் நகரத்து டியூஷன் வகுப்புகளை நம்பினார்கள். முதல் ஷையில் தவறினால் இரண்டாம் ஷைக்குக் கட்டணம் கட்டுவது எப்படி என்பது, தாயின் சம்பளத்தையும் கைக்காசையும் கூட்டிப் பார்த்தே தீர்மானிக்கப்படும்.

2000ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில் தாவரவியலும் விலங்கியலும் உயிரியலாய் ஒன்றாகி, நான்கு பாடங்கள் மூன்றாயின. சுமை குறைந்ததென்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் உயிரியற் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கவும் இடமுண்டு. அவ்வாறு எடுத்தவருக்கு மருத்துவ பீடத்தின் கதவு அன்றே மூடிவிடும். பௌதிகவியலாசிரியர் இல்லாத பாடசாலையில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒரு படிவத்தில் இடும் அந்த ஒரு குறி எத்தகைய முடிவென்பதை அப்போதே எடுத்துச் சொல்வார் வீட்டிலும் இல்லை, அயலிலும் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் 1971இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுந்தன. தமிழில் எழுதிய காரணத்தால் முந்தையதின் பாதிப்புக்கும், பின்தங்கிய மாவட்டத்தான் என்பதால் பிந்தையதின் சலுகைக்கும் மலையக மாணவன் ஒருசேர உரியவனானான். ஆயினும் விஞ்ஞானம் படிக்க இடமில்லாதவனுக்கு இரண்டும் ஏட்டளவே. பின்னர் நிலைபெற்ற விதிப்படி, நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 மாவட்ட ஜனத்தொகை வீதத்திலும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியா அவ்வாறு பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்று. இங்கே வெட்டுப்புள்ளி தாழ்ந்திருப்பதைக் கண்டு, வெளிமாவட்டப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை இங்குள்ள பாடசாலைகளிற் பதிந்து பரீட்சைக்கு இருத்துகின்றனர் என்னும் முறைப்பாடு மலையகத்தில் நெடுநாளாய் உண்டு. முறைப்பாடு நியாயமானதே. ஆனால் குற்றம் முழுவதையும் வந்தவர் தலையில் ஏற்றுவது எனக்கு உடன்பாடன்று. பதிவேட்டையும் வதிவிடச் சான்றையும் எத்துணைக் கடுமையாய்ச் சோதித்து அவர்களைத் திருப்பி அனுப்பினாலும், அடுத்த தவணைக்கும் பௌதிகவியல் ஆசிரியர் பதவி வெற்றிடமாகவே இருக்கும் பாடசாலையில், உள்ளூர்ப் பிள்ளை விவசாய விஞ்ஞானத்துக்கு நேரேதான் குறியிடும்.