மற்றும் பலர்

வழக்கம்போல நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இன்று மே 21. ராஜீவ் காந்தி படத்தைக் காலையிலிருந்து பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. பல வருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு வரியைப் பற்றி. "1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி மற்றும் பலர் மனித வெடிகுண்டுக்குப் பலியாயினர்." நீங்களும் நோட்டில் எழுதியிருப்பீர்கள்.

ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்த மற்றும் பலர் யாரு?" என்று கேட்டான். "கூட்டத்துக்கு வந்தவங்கடா, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான். மறுநாள் வராந்தாவில் தயங்கித் தயங்கி வந்து, "எங்க மாமா போலீஸ் டீச்சர். செத்துப்போன ஒருத்தர் மாமாவோட கூட வேலை செஞ்சவராம்" என்றான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காஞ்சிபுரத்துக்காரி நான். சம்பவம் நடந்த இடத்தைத் தாண்டித்தான் மெட்ராஸுக்கு பஸ்ஸில் போவேன். எனக்கு ஒரு பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அன்று இறந்தவர்களில் 9 பேர் காவல் துறையினர். மாவட்டக் கண்காணிப்பாளர் முகமது இக்பால். இன்ஸ்பெக்டர்கள் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப். சப் இன்ஸ்பெக்டர் எத்திராஜ். காவலர்கள் சுந்தரராஜு, ரவி, தர்மன். பெண் காவலர் சந்திரா. ராஜீவின் மெய்க்காவலராக இருந்த குப்தா. இக்பால், எட்வர்ட் ஜோசப், எத்திராஜ் என்று அந்தப் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நம் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரியே இருக்கும்.

அது தேர்தல் நேரம். ராஜீவ் பிரதமர் பதவியை விட்டு இறங்கிய பிறகு அவருக்கிருந்த சிறப்புப் பாதுகாப்புப் படை விலக்கப்பட்டிருந்தது. அதனால் முழுப் பொறுப்பும் நம் ஊர் போலீஸ் தலையில். விசாகப்பட்டினத்திலிருந்து விமானம் தாமதம். மீனம்பாக்கத்தில் இறங்கி, போரூர், பூந்தமல்லி என்று வழியெல்லாம் நின்று, மரகதம் சந்திரசேகருக்காக நடந்த கூட்டத்துக்கு அவர் வந்து சேரும்போது இரவு 10 மணி ஆகிவிட்டது. லதா கண்ணனின் மகள் கோகிலா கவிதை வாசித்தாள். தாயும் மகளும் அன்று சேர்ந்தே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில்தான் சந்தன மாலையோடு அந்தப் பெண் நின்றிருந்தாள்.

அங்கே பணியில் இருந்த சப் இன்ஸ்பெக்டர் அனுசுயா அவளைத் தடுக்கப் பார்த்ததையும், எல்லோரையும் வர விடும்படி ராஜீவ் சொன்னதையும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் உயிர் பிழைத்தார். விரல்களை இழந்தும் வேலையை விடாமல், கூடுதல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார்.

இப்போது நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1983 ஜூலையில் இலங்கையில் நம் மக்களைக் கொன்று குவித்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளிடம் உண்டியல் குலுக்கிக் காசு சேர்த்தேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை. ஆனால் வகுப்பில், "அங்கே அண்ணன்மார் துப்பாக்கி எடுத்துவிட்டார்கள், இனி பயமில்லை" என்று பெருமையாகப் பேசினேன். பத்து வயதுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னால் அமைதிப்படை போய், அங்கே நம் பெண்களுக்கு நேர்ந்ததைக் கேட்டபோது எனக்கும் வயிறு எரிந்தது. கோபத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பெண் காவலர் சந்திராவின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது? பந்தோபஸ்துக்குப் போகச் சொன்னார்கள், போனார். சுற்றி நிற்பவர்கள் சாவார்கள் என்று தெரிந்தேதான் அந்த பெல்ட்டைக் கட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறை, நான் அம்மா வீட்டில் இருந்தேன். பஸ் இல்லை, பால் இல்லை. தி.மு.க. ஆட்சியைப் புலிகளுக்கு இடம் கொடுத்ததாகச் சொல்லி ஜனவரியில்தான் கலைத்திருந்தார்கள். அதனால் தமிழ்நாடு முழுக்கத் தி.மு.க.காரர்கள் மேல் பாய்ந்தார்கள். கொடிக்கம்பங்களை வெட்டினார்கள், கடைகளைக் கொளுத்தினார்கள். எங்கள் தெரு முனையில் தையற்கடை வைத்திருந்தவர் அந்தக் கட்சி அனுதாபி, அவ்வளவுதான். மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தார்கள். ஜூனில் பள்ளி திறக்கத் தைக்கக் கொடுத்திருந்த நீலத் துணி, காக்கித் துணி எல்லாம் எரிந்தது. உடைத்தவர்களில் இரண்டு பேர் அவரிடமே சட்டை தைத்துப் போட்டவர்கள். ராஜீவுக்காகச் செய்கிறோம் என்று கத்தினார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து பாதி எரிந்த டிராயர் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்ததை நான் மறக்கவே இல்லை.

2002இல் கிளிநொச்சியில் பத்திரிகையாளர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, புலிகளின் தலைமை "துன்பியல் சம்பவம்" என்று சொன்னது. தமிழ்ப் பாடமும் எடுத்தவள் என்பதால் சொல்கிறேன், எழுவாயே இல்லாத பேச்சு அது. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று இரண்டுமே கிடையாது. அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், "மற்றும் பலர் பலியாயினர்" என்று நான் எழுதியது மட்டும் என்ன வாழ்ந்தது?

2022இல் உச்ச நீதிமன்றம் முதலில் ஒருவரையும், நவம்பரில் மீதி 6 பேரையும் விடுவித்தது. ஊரெல்லாம் இனிப்பு. தூக்கு கூடாது என்று நினைப்பவள்தான் நான், இன்றும் அதே எண்ணம்தான். முப்பது வருடச் சிறை போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அனுசுயா போன்றவர்கள் தங்கள் வேதனையைச் சொன்னபோது, அவரைத் திட்டி எழுதியவர்களில் என் மாணவர் ஒருவரும் இருந்தார். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னைத் திட்டவில்லை. துப்பாக்கிக்குக் கை தட்டச் சொல்லிக் கொடுத்த வகுப்பில் உட்கார்ந்தவன் நீ. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

கேள்வி கேட்ட அந்தப் பையன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான். அவன் கேட்ட வருடத்திலிருந்து ஓய்வு பெறும்வரை, அந்தப் பாடம் வரும்போது 9 பெயரையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் தேதியை எழுதினேன். பரீட்சையில் வராது டீச்சர் என்பார்கள். வராதுதான், எழுதிக்கோ என்பேன்.

அதற்கு முன்னால் என்னிடம் படித்தவர்கள் நோட்டில் அந்தப் பெயர்கள் இருக்காது. மேலே கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அன்று இரவு ஸ்ரீபெரும்புதூரில் பந்தோபஸ்து பணியில் இருந்தவர்கள், அவர்களோடு வேலை பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். கண் முன்போல இல்லை, பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.