அடி பட்டுச்சா, படலயா?

அனிமே உலகங்களை வைத்து இணையத்தில் எழுதி எழுதியே ஆடுகிற ரோல்பிளே ஆட்டங்களில் ஒரு விதி உண்டு. இடத்துக்கு இடம் வார்த்தைகள் மாறும், விதி மாறாது. உன் கதாபாத்திரம் என்ன செய்யப் பார்க்கிறது என்பதை மட்டும்தான் நீ எழுதலாம். அதனால் எதிராளிக்கு என்ன ஆனது என்பதை எதிராளிதான் எழுத வேண்டும். "என் குனாய் அவன் தோளில் பாய்ந்தது" என்று எழுதினால் செல்லாது. "அவன் தோளைக் குறிவைத்துக் குனாயை வீசினேன்" என்பதோடு உன் எல்லை முடிந்துவிடுகிறது. பாய்ந்ததா, உரசிப் போனதா, பின்னாலிருந்த மரத்தில் குத்தி நின்றதா, எல்லாம் அவன் கையில். இதை மீறினால் அதற்குப் பெயர் ஆட்டோ-ஹிட். எந்த அடியுமே தன் மேல் படாதபடி எழுதிக்கொண்டு போனால் அது காட்மாடிங். நான் அதைக் கடவுளாட்டம் என்று சொல்லிக்கொள்வேன்.

கல்லூரிக் காலத்தில் இந்த ஆட்டங்களில் சில வருடம் கிடந்தவன் நான். அடி வாங்குகிறவனே "ஆமா, பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும் என்கிற விதி எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். தெருவில் துப்பாக்கி விளையாட்டு ஆடிய யாருக்கும் தெரியும். "டேய், நீ செத்துட்டே." "இல்லடா, படல." அதற்குப் பிறகு விளையாட்டு கிடையாது, வாய்ச்சண்டைதான்.

இந்தத் தகராறைத் தீர்க்க 200 வருடங்களாக ஆட்கள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். பிரஷ்யாவில் 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிளாஸ்டர் நிலத்துண்டுகளை மேசையில் அடுக்கி ஆடும் ஒரு போர் விளையாட்டை மன்னருக்குச் செய்து கொடுத்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் அதை வரைபடத்துக்கு மாற்றி, 1824-ல் விதிப் புத்தகமாக வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் விளையாட்டு. சிவப்புக் கட்டைகள் ஒரு பக்கம், நீலக் கட்டைகள் ஒரு பக்கம். ஒரு சுற்று என்பது 2 நிமிடப் போர். ஆடுகிறவர்கள் தங்கள் ஆணைகளை நடுவரிடம் சொல்வார்கள். நடுவர் பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்குச் சொல்வார். 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, அட்டவணையும் வேண்டாம் பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்றார். ராணுவத்தில் அது நடக்கும். நடுவருக்குத் தோளில் பட்டை இருக்கிறதே. "படல சார்" என்று எந்த லெப்டினன்ட் சொல்வான்?

அமெரிக்காவில் 1971 வாக்கில் டேவ் ஆர்னிசன் தன் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டில் ஆடத் தொடங்கியபோது தகராறு வேறு உருவத்தில் வந்தது. போர் விளையாட்டில் ஒரு பொம்மை பெரும்பாலும் ஒரு கூட்டம். இங்கே ஒரு பொம்மை ஒரே ஆள், அதுவும் நான். ஒரே அடியில் நான் செத்துப்போனால்? ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆர்னிசன் கடற்போர் ஆட்டங்களிலிருந்து ஒரு வழியை எடுத்துவந்தார். கப்பல் ஒரு குண்டில் மூழ்காது, இத்தனை அடி தாங்கும் என்று அதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை மனிதனுக்குக் கொடுத்தார். அதுதான் ஹிட் பாயிண்ட். 1974-ல் அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதை ஊரெல்லாம் பரப்பியது. இன்று மொபைல் கேமில் நம் ஆளின் தலைக்கு மேல் குறைந்துகொண்டே வரும் அந்தப் பச்சைக் கோடு, பூர்வீகத்தில் ஒரு கப்பலுடையது.

அங்கிருந்து ஜப்பானுக்கு. டஞ்சன்ஸைப் பார்த்து அமெரிக்காவில் விசார்ட்ரி, அல்டிமா போன்ற கணினி ஆட்டங்கள் வந்தன. அவற்றில் சொக்கிப்போன யூஜி ஹோரி 1986-ல் டிராகன் குவெஸ்ட் செய்தார். ஹோரி ஷோனென் ஜம்ப் வார இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய ஆட்டத்துக்குப் பாத்திரங்களையும் அரக்கர்களையும் வரைந்தவர், அதே இதழில் டிராகன் பால் வரைந்துகொண்டிருந்த அகிரா டோரியாமா. இரண்டு வருடம் கழித்து டிராகன் பாலில் ராடிட்ஸ் வந்து இறங்குகிறான், கண்ணில் ஸ்கவுட்டரை மாட்டிக்கொண்டு. எதிரே துப்பாக்கியோடு ஒரு விவசாயி. கருவி சொல்கிறது: பலம், 5. பிறகு ஃப்ரீசா தன் வாயாலேயே அறிவிப்பது 5,30,000. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரே ஆளின் மேசையில் இரண்டும் இருந்தன, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கதையில் ஸ்கவுட்டரை நம்புகிறவர்கள் தொடர்ந்து ஏமாறுகிறார்கள். கோகு பலத்தை ஒளித்துவைப்பான், சட்டென்று ஏற்றுவான். கருவி வெடித்துச் சிதறும்.

காரணம் எளிது. அந்தக் கதைகளுக்கு எண்ணை விட, எண் எப்படி ஏறியது என்பதுதான் முக்கியம். ஆமைக் கிழவர் ரோஷி, கோகுவுக்கும் கிரிலினுக்கும் 20 கிலோ ஆமை ஓட்டை முதுகில் கட்டி, பால் போடச் சொல்கிறார், வெறுங்கையால் வயலைக் கிளறச் சொல்கிறார். அடிதடி எதையும் சொல்லித் தருவதாகவே தெரியாது. கிஷிமோட்டோவின் நருட்டோவில் ரசெங்கன் பயிற்சி மூன்று படி. முதலில் தண்ணீர் பலூனைக் கையில் வைத்து உள்ளே சக்ராவைச் சுழற்றி உடைக்க வேண்டும். அடுத்து ரப்பர் பந்து. கடைசியில் அத்தனை வேகத்தையும் பலூனுக்குள்ளேயே அடக்கி, பலூன் உடையாமல் வைத்திருக்க வேண்டும். நான்காம் ஹோகாகே இந்த வித்தையை உருவாக்க 3 வருடம் எடுத்துக்கொண்டார். நருட்டோ அதை ஒரு வாரத்தில் முடித்துக் காட்டுவதாகப் பந்தயம் கட்டுகிறான்.

எழுத்து வழி ஆட்டங்களின் பயிற்சி விதி இங்கிருந்து பிறக்கிறது. ரசெங்கன் வேண்டுமா? எழுது. எளிய வித்தைக்குச் சில நூறு சொற்கள், பெரிய வித்தைக்குச் சில ஆயிரம். உன் ஆள் எப்படிக் கற்றான், எத்தனை பலூன் உடைத்தான், எப்போது சலித்துப்போய் உட்கார்ந்தான், எல்லாம் வர வேண்டும். ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் வித்தை உன் பட்டியலில் ஏறும். வியர்வைக்குப் பதில் சொற்கள். சும்மா சொல்லக்கூடாது, இந்த விதியால் மோசமான எழுத்து மலைமலையாக உற்பத்தியானது. சொல் எண்ணிக்கை போதவில்லை என்று சூரிய உதயத்தை மூன்று பத்தி வர்ணித்தவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒரு மழையை நீட்டியிருக்கிறேன். நல்ல மழை.) பிறகு ஓட்டைகள். நருட்டோவின் நிழல் நகல்கள் மறையும்போது அவற்றின் அனுபவம் அசல் ஆளிடம் திரும்பிவிடும். அப்படியென்றால் நகல்களோடு பயிற்சி செய்தால் சொல் கணக்கைப் பாதியாக்கலாமே என்று ஒருவர் கேட்பார். சக்ரா எவ்வளவு செலவாகும் தெரியுமா என்று இன்னொருவர் எழுந்துவருவார். ஒரு முழு இரவு போய்விடும்.

டொகாஷியின் ஹண்டர் ஹண்டர் இதற்கு அழகான ஒரு விடை வைத்திருந்தது. அங்கே உன் சக்திக்கு நீயே ஒரு தடையைப் போட்டுக்கொண்டால் சக்தி கூடும். குராபிகா தன் சங்கிலிகளில் ஒன்றைத் தன் இனத்தைக் கொன்ற கும்பல் மீது மட்டுமே பயன்படுத்துவேன், மீறினால் உயிர் போகட்டும் என்று சபதம் செய்கிறான். ஆகவே அது அவ்வளவு பலம். இந்த உலகத்தை வைத்து ஆடியபோது, "என் ஆளால் என்னென்ன முடியும்" என்று நீண்டுகொண்டே போகும் பட்டியல்கள், "என் ஆளால் என்ன முடியாது" என்று எழுதத் தொடங்கின. சண்டைகளும் உடனே நன்றாயின.

கணினி இந்தத் தகராறை எப்போதோ தீர்த்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1978-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்த மட் என்ற ஆட்டத்திலேயே, அடி பட்டதா என்பதை நிரல் சொல்லிவிடும். நிரலோடு யாரும் வாதாட முடியாது. அதற்குப் பிறகும், நடுவரும் இயந்திரமும் இல்லாமல், வெறும் எழுத்தில், எதிராளியின் சொல்லை நம்பி ஆடும் ஆட்டத்தை ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? என் கணிப்பு, தோல்வியைத் தானே எழுதும் உரிமைக்காக. பச்சைக் கோடு தீர்ந்தால் திரையில் நீ விழுகிறாய், அவ்வளவுதான். இங்கே எப்படி விழுகிறாய், விழும்போது யாரைப் பார்க்கிறாய் என்பது உன்னுடையது.

ஃபிலிப்பைன்ஸிலிருந்து ஆடிய ஒருவரோடு எனக்கு நடந்த சண்டை மூன்று வாரம் இழுத்தது. ஒரு நாளைக்கு ஒரு பதிவு, சில நாள் அதுவும் இல்லை. என் காற்று வாள் அவருடைய வாள்வீராங்கனையின் வலது பக்கமாக வருகிறது என்று எழுதி நிறுத்தினேன். அவர் விலகியிருக்கலாம், அவருடைய பட்டியலில் அதற்கு வித்தை இருந்தது, எனக்கும் தெரியும். இரண்டு நாள் பதில் வரவில்லை. பிறகு நீண்ட பதிவு ஒன்று. அவள் விலகியிருந்தால் வாள் பின்னால் நின்ற மாணவன் மேல் பட்டிருக்கும் என்பதை அவர் கவனித்திருக்கிறார். அந்த மாணவனை முதல் வாரத்தில் ஒரே ஒரு வரியில் கொண்டுவந்து, நான் மறந்தே போயிருந்தேன். அவள் விலகவில்லை. வலது கை போனது.

அந்தக் கை அதற்குப் பிறகு எந்தப் பதிவிலும் குணமாகவில்லை. அவருடைய அடுத்த பயிற்சிப் பதிவு, இடது கையால் வாளை உறையிலிருந்து எடுக்கக் கற்றுக்கொள்வது. கேட்டதைவிட இரண்டு மடங்கு சொற்கள் இருந்தன. ஒப்புதல் கொடுக்கும் முறை அன்று என்னுடையது. இரண்டு தடவை படித்துவிட்டுக் கொடுத்தேன்.