உபதேசக் குரலும் எள்ளல் குரலும்

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தார் தொல்காப்பியர். வெளிப்படையாக வைவது முன்னது. வசையை மறைத்துச் சொல்வது பின்னது. உபதேசக் கவிதையை அதே உபதேசக் குரலில் கேலி செய்யும் இசைத்தட்டுகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில் பிறந்தது. இந்தியானா மாநிலத்துச் சட்டத்தரணி மக்ஸ் ஏர்மன் 1927இல் 'டெசிடராட்டா' என்ற வசனகவிதையை எழுதினார். மன அமைதியோடு வாழ வழி கூறுவது அது. 1945இல் அவர் மறைந்தார். பின்னர் பால்ட்டிமோர் நகரின் பழைய சென் போல் தேவாலயக் குரு அதைத் தம் சபையாருக்குப் பிரதி செய்து கொடுத்தார். அந்தத் தாளில் தேவாலயம் நிறுவப்பெற்ற 1692ஆம் ஆண்டும் இருந்தது. அவ்வளவுதான், கவிதை முந்நூறாண்டுப் பழமை பெற்றுவிட்டது! 1971இல் லெஸ் கிரேன் இசைப் பின்னணியோடு அதை வாசித்து வெளியிட்ட தட்டு பெரும் விற்பனை கண்டு, கிராமி விருதும் பெற்றது.

அடுத்த ஆண்டே 'நஷனல் லம்பூன்' நகைச்சுவைச் சஞ்சிகையினர் 'டெட்டீரியோராட்டா'வை வெளியிட்டனர். எழுதியவர் டோனி ஹெண்ட்ரா. வாசித்தவர் நோர்மன் ரோஸ். அதே கனத்த குரல், அதே குழுப்பாடல். சொற்கள் மட்டும் தலைகீழ். ஆறுதல் இருந்த இடத்தில் கைவிரிப்பு. நம்மை உருக்கியது கருத்தா, குரலா என்ற கேள்வி கேட்டவர் மனதில் எழுந்தது. தமது பதிவைத் தம்மாலேயே சகிக்க முடியவில்லை என்று 1987இல் கிரேனே சொன்னார்.

தமிழில் இந்த வித்தையை வேறு விதமாகக் கையாண்டவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் காலட்சேப முறையை அப்படியே எடுத்துக் 'கிந்தனார்' ஆக்கினார். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம்பெற்றது. நந்தன் தில்லைக்கு ஏங்கினான். கிந்தன் கல்விக்கு ஏங்கினான். அமெரிக்கத் தட்டு உபதேசத்தை வெறுமையாக்கிச் சிரித்தது. கலைவாணரோ சிரிப்புக்குள் இன்னொரு உபதேசத்தை வைத்தார்.

நமக்கும் இது தொலைதூரச் செய்தியல்ல. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதிகளோடு வரிசையில் நின்றவர்கள் ஒன்றை அறிவார்கள். பொறுமையைப் போதிக்கும் குரல் சிலவேளை ஆறுதல்; சிலவேளை வாயை மூடச் சொல்லும் கட்டளை. இரண்டையும் பிரித்தறியக் காதைப் பழக்குவதே பழிகரப்பு அங்கதத்தின் பணி. நல்ல வாக்கு அந்தச் சோதனையில் தேறிவிடும். 'டெசிடராட்டா' இன்றும் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. கிந்தனாரால் நந்தனாருக்கும் குறைவு நேரவில்லை.