திரும்பி வந்தவர்கள் சொன்ன கதை

ரீயூனியன் என்றால் என்ன? நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, வராத ஐந்தாவது ஆளைப் பற்றிப் பேசுவதுதான். "அவன் இப்ப எங்கடா இருக்கான்?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், காபி ஆறிப்போகும் வரை பேச்சு ஓடும். ஆனால் இந்த விஷயத்தில் நம்மை எல்லாம் தூக்கிச் சாப்பிடக்கூடியவர்கள் பட்டாளத்துக்காரர்கள்.

எனக்கு ஒரு பெரியப்பா. பிள்ளையார்பாளையத்தில் தறிக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டு மதறாஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, ஹவில்தாராக ரிடையர் ஆனவர். அவரைப் பார்க்கப் பழைய கூட்டாளிகள் யாராவது வந்துவிட்டால் வீட்டில் எங்களுக்கெல்லாம் காதுக்கு விருந்து. சண்டையைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேசமாட்டார்கள். "குளிர்ல காவலுக்கு நின்னப்ப தன் சாக்ஸைக் கழட்டிக் குடுத்தான்யா", "எனக்கு வந்த லெட்டரை அவன்தான் படிச்சுச் சொல்லுவான்", இந்த மாதிரிதான் போகும். செத்துப்போனவரைப் பற்றிப் பேசும்போதும் "அவன் சொல்றான்", "அவன் சிரிக்கிறான்" என்று நேற்று நடந்தது போலத்தான் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "வீர மதராசி, அடி கொல்லு!" என்று ரெஜிமெண்டின் கோஷத்தை எடுத்துவிட, பெரியம்மா உள்ளேயிருந்து "மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது" என்பார்.

இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே, ஒரே காலையில் ஒரு படையே அழிந்துபோன இடம் இருக்கிறது. புள்ளலூர். பல்லவன் மகேந்திரவர்மன் பகைவர்களை வென்றதாகச் செப்பேடு சொல்லும் ஊர் இதுதான் என்பார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பதினொரு நூற்றாண்டுக்குப் பின் நடந்த சண்டையை. அதிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் யாரை நினைத்துப் பேசியிருப்பார்கள்?

முதலில் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையுடன் ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். கம்பெனியின் தளபதி சர் ஹெக்டர் மன்ரோ, 1764-ல் பக்ஸாரில் ஜெயித்தவர், காஞ்சிபுரத்தில் வந்து நின்றார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி தன் படையோடு வந்து அவருடன் சேர வேண்டும் என்பது திட்டம்.

இந்த இடத்தில் என்னுடைய இன்ஜினியர் புத்தி குறுக்கே வருகிறது. ஆகஸ்ட் 25-ம் தேதி பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் குறைவு. காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரியே வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் 4 வரை கடக்க முடியவில்லை. கடந்தபின், 6-ம் தேதி பேரம்பாக்கத்தில் திப்புவின் படையோடு ஒரு மோதல். 9-ம் தேதி காலை மன்ரோ அனுப்பிய கர்னல் பிளெட்சரின் ஆயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். அன்று இரவே கிளம்பி வந்தவர், காஞ்சிபுரத்துக்குச் சில மைல் இருக்கும்போது, விடியட்டும் என்று மறுபடி நிறுத்தினார். விடிந்தபோது மூன்று பக்கமும் மைசூர்ப் படை.

செப்டம்பர் 10. பெய்லியிடம் இருந்தது ஏறக்குறைய 3,800 பேர். அதில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மற்ற எல்லோரும் நம் நாட்டுச் சிப்பாய்கள். மைசூர்ப் பீரங்கிகளோடு ராக்கெட்டுகளும் சீறின. நடுவில் இருந்த வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு கதை முடிந்தது. சிறைபிடிக்கப்பட்ட ஐரோப்பியர் இருநூறு பேர் அளவில். மறுநாள் மன்ரோ, தூக்கிக்கொண்டு போக முடியாத கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். அந்தப் போர்க்காலத்தில் வந்த பஞ்சத்தில்தான் 1782-ல் சென்னையில் மணியக்காரர் சத்திரக் கஞ்சித்தொட்டி ஏற்பட்டது.

பிடிபட்டவர்களில் ஒருவர் டேவிட் பெய்ர்டு. வயது 22. அந்த வருஷம் ஜனவரியில்தான் சென்னையில் வந்து இறங்கிய 73-வது ஹைலாண்டர் ரெஜிமெண்டின் கேப்டன். உடம்பில் காயம், காலில் குண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்று வருஷத்துக்கு மேல் கிடந்தார். கைதிகளை இரண்டு இரண்டு பேராகச் சங்கிலியில் பிணைக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட அவருடைய அம்மா, "ஐயோ, எங்க டேவிட்டோட கட்டி வச்ச பையன் என்ன பாடுபடுறானோ" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பிள்ளையின் குணம் அம்மாவுக்குத் தெரியாதா!

பெய்ர்டு திரும்பி வந்து, ஜெனரலாகி, 1829-ல் காலமானார். 1832-ல் அவர் வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது. அதில்தான் கேப்டன் லூகாஸ் வருகிறார். சிறையில் கைதிகளுக்கு விலங்கு பூட்ட வந்தபோது, "இந்தப் பையனுக்குக் காயம் ஆறவில்லை, விட்டுவிடுங்கள்" என்று கேட்டாராம் நரைத்த தலையுடைய லூகாஸ். கைதிக்கு ஒன்று என்று எண்ணி விலங்கு வந்திருக்கிறது, கணக்கு இடிக்கும் என்றார்கள். "அப்படியானால் அவனுடையதையும் சேர்த்து எனக்கே ரெண்டாப் பூட்டுங்க" என்றாராம் அவர். லூகாஸ் அந்தச் சிறையிலேயே இறந்துபோனார். பெய்ர்டு திரும்பி வந்ததால்தான் இன்று லூகாஸ் பெயர் நமக்குத் தெரிகிறது.

அந்தப் போரின் சிப்பாய்க் கைதிகளைப் பற்றியும் பழைய மைசூர் சரித்திர நூல்களில் ஒரு செய்தி உண்டு. 1784-ல் மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் விடுதலையாகி, சென்னையை நோக்கி நடந்து வந்தார்கள். வழியில் ஐரோப்பியக் கைதிகளைத் தனியாகத் தங்க வைத்திருந்தார்கள், நடுவில் ஏரி. நாளெல்லாம் நடந்த களைப்போடு சிப்பாய்கள் ராத்திரியில் அந்த ஏரியை நீந்திப் போய், தங்களுக்குக் கிடைத்த அற்பப் படிக்காசில் மிச்சம் பிடித்ததை அவர்களுக்குக் கொடுத்தார்களாம். நாங்கள் எதைத் தின்றும் பிழைப்போம், உங்களுக்குக் கறி இல்லாமல் ஆகாதே என்பது அவர்கள் சொன்ன காரணம். சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தவனும், இரட்டை விலங்கு கேட்டவரும், ஏரியை நீந்தினவனும் ஒரே ஜாதி. பட்டாளத்து ஜாதி.

ஆனால் நண்பர்களே, லூகாஸுக்குப் பெயர் இருக்கிறது. ஏரியை நீந்தின சிப்பாயின் பெயர் அந்தக் கதையில் இல்லை. அவன் தமிழனா, தெலுங்கனா, அதுவும் இல்லை. அவனும் தன் கிராமத்துக்குத் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்து, புள்ளலூரில் விழுந்த கூட்டாளியைப் பற்றி "அவன் சொல்றான், அவன் சிரிக்கிறான்" என்று பேசியிருப்பான். கேட்டவர்கள் எழுதி வைக்கவில்லை. அந்தத் தலைமுறை போனதும் பேச்சும் போயிற்று.

புள்ளலூரில் இன்றும் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27-ல் அதே இடத்தில் நடந்த இரண்டாவது சண்டையில் இறந்த கர்னல் பிரௌன், கேப்டன் ஹிஸ்லாப் என்ற இருவருக்கானவை. 1782-ல் சிறையிலேயே இறந்த பெய்லிக்கு அவருடைய உறவினர் 1816-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் கட்டினார். ஜெயித்த திப்பு, தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையையே பெரிய ஓவியமாகத் தீட்டச் சொன்னார். வெடிக்கும் மருந்து வண்டி, பல்லக்கில் பெய்லி எல்லாம் அதில் உண்டு. அதே காட்சியைக் காகிதத்தில் வரைந்த பழைய ஓவியம் ஒன்று 2022-ல் லண்டன் ஏலத்தில் 6 லட்சம் பவுனுக்கு மேல் போனது. கல்லிலும் வண்ணத்திலும் இவ்வளவு இருந்தும், இரு பக்கமும் விழுந்த சாதாரணச் சிப்பாயின் பெயருக்கு ஒரு செங்கல் கூட இல்லை.

மதறாஸ் ரெஜிமெண்ட் தன் வரலாற்றை 1758-லிருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் புள்ளலூர்ச் சிப்பாய்கள் என் பெரியப்பாவுக்கு மூத்த கூட்டாளிகள். பின்னாளில் காலம் மாறியது. டில்லியில் 2019-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், பதவி வித்தியாசம் பார்க்காமல், கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரியப்பா அங்கே போய்விட்டு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "பேர் இருக்குதுடா. விரலை வெச்சுத் தடவிப் பார்த்துட்டு வந்தேன்."

இப்போது படிக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். காஞ்சிபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலில் காசு போடுவதோடு நிறுத்தாமல், ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "தாத்தா, உங்க யூனிட் எது?" என்று கேட்டால் போதும், மீதி தானாக வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர், பெயர், வருஷம் மூன்றையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.

நம் சீனியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த மலரில் ரேங்க் வாங்கினவர்கள், பதவியில் உயர்ந்தவர்கள் படம் வருவது சந்தோஷம்தான். இரண்டாம் வருஷத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுபோன நண்பன், பரீட்சைக்கு முந்தின ராத்திரி நமக்காகக் கண்விழித்து டீ போட்ட மெஸ் அண்ணன், லேப் அட்டெண்டர், இவர்கள் பெயரும் நமக்குத்தான் தெரியும். அடுத்த மலரில் அவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி, கிளம்புவதற்கு முன் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.