சிலைக்கு மாதிரியாகப் பிடிபட்ட ஓர்க்கா

1960களின் தொடக்கத்தில் கனடாவின் மேற்குக் கரை மீனவர்களுக்கு ஓர்க்கா என்னும் கொலையாளித் திமிங்கலம் என்றாலே வெறுப்பு. தங்கள் சால்மன் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று கண்ட இடத்தில் சுட்டார்கள். கனடாவின் மீன்வளத் துறை சீமோர் நீரிணையோரம் இயந்திரத் துப்பாக்கி ஒன்றையே நிறுத்திவைத்தது. அது வெடிக்காமலே போனது.

அந்தச் சமயத்தில்தான் வான்கூவர் மீன்காட்சியகம் ஓர்க்கா சிலை ஒன்று செய்ய நினைத்தது. அளவெடுக்க ஓர் உடல் வேண்டுமே! அதற்காகச் சாமுவேல் பியூரிச் என்ற சிற்பியை அமர்த்தி, சட்டர்னா தீவின் கரையில் ஈட்டித் துப்பாக்கியோடு காத்திருக்கச் செய்தார்கள். 1964 ஜூலையில் ஓர் இளம் ஓர்க்காவின் முதுகில் ஈட்டி பாய்ந்தது. மயங்கிய அதை, கூட வந்த இரண்டு ஓர்க்காக்கள் மூச்சுவிட வசதியாக நீர்மட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தன. துப்பாக்கியால் சுட்டும் அது சாகவில்லை. காட்சியக இயக்குநர் மரே நியூமன் அதை உயிரோடு கொண்டுவர முடிவு செய்தார். ஈட்டியில் கட்டிய கயிற்றைப் பிடித்தே வான்கூவர் வரை இழுத்துச் சென்றார்கள்.

பெண் என்று நினைத்து மோபி டால் எனப் பெயரிட்டார்கள். கிட்டத்தட்ட 2 மாதம் அது எதையும் உண்ணவில்லை. பிறகு மனிதர் நீட்டிய மீனை வாங்கித் தின்னத் தொடங்கியது. முதுகில் ஈட்டி எறிந்த இனத்தை அது ஒருமுறைகூடத் தாக்கவில்லை. அதன் குரலை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அக்டோபரில் இறந்தது, ஆண் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

கொடிய விலங்கு என்ற பேச்சு பொய் என்று தெரிந்துவிட்டதே, அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால், சாதுவான விலங்கு என்றால் பழக்கலாம், பழக்கினால் டிக்கெட் விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஓர்க்கா காட்சித் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஓர்க்காவின் நற்குணமே அதற்கு விலங்காக மாறியது.

மறு ஆண்டே சியாட்டிலின் டெட் கிரிஃபின், மீனவர் வலையில் சிக்கிய நாமு என்ற ஓர்க்காவை 8,000 டாலருக்கு வாங்கி, அதோடு நீந்திக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. பிடிபட்ட பிறகு நாமு ஏறக்குறைய ஓராண்டுதான் வாழ்ந்தது. அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று 1965 அக்டோபரில் ஒரு குட்டியையும் பிடித்திருந்தார்கள். தாய் ஈட்டி பாய்ந்து செத்தது. ஷாமு என்ற அந்தக் குட்டிதான் சான் டியேகோ சீவேர்ல்டுக்குப் போய், ஓர்க்கா காட்சிகளின் முகமானது. 1971இல் அது இறந்தபோதும் பெயரை விடவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் மேடையில் ஷாமுதான். பார்க்க வந்த பிள்ளைகளுக்கு ஒரு சாவு நடந்ததே தெரியாது.

1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் விரிகுடாவில் 80க்கும் மேற்பட்ட ஓர்க்காக்களை மடக்கி, குட்டிகளைப் பிரித்தெடுத்தார்கள். வலையில் சிக்கிச் செத்த குட்டிகளின் வயிற்றைக் கிழித்துக் கல் நிரப்பிக் கடலில் அமிழ்த்தினார்கள். சில உடல்கள் பின்னர் கரை ஒதுங்கி, செய்ததைக் காட்டிக்கொடுத்தன. அன்று பிடிபட்ட டோகிடே, மயாமியில் 80 அடி நீளத் தொட்டியிலேயே வாழ்ந்து 2023இல் இறந்தது.

அங்கே பிடிபட்டவை, தாயைவிட்டு வாழ்நாள் முழுக்கப் பிரியாத கூட்டங்களைச் சேர்ந்தவை. பெரும்பாலும் குட்டிகளாகப் பார்த்துப் பிடித்ததால், பின்னாளில் ஈன்றிருக்க வேண்டிய தலைமுறையே அந்தக் கடலில் இல்லாமல் போயிற்று. 2005இல் அந்தக் கூட்டங்கள் அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தன.

1976க்குப் பிறகு வாஷிங்டன் கடலில் வழி அடைபட, வேட்டை ஐஸ்லாந்துக்குப் போனது. சீவேர்ல்டு 2016இல் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்தியது. கனடா 2019இல் அதற்குத் தடைவிதித்துச் சட்டமே போட்டது. ஏற்கெனவே தொட்டியில் இருப்பவற்றை இவை விடுவிக்கவில்லை. அங்கேயே பிறந்தவற்றைத் திடீரென்று கடலில் விடவும் முடியாது. ஆனால் அமைதியான விரிகுடா ஒன்றை வேலியிட்டு அடைத்து, அலையும் ஆழமும் உள்ள நீரில் அவற்றை வாழவிடலாம். இத்தனை ஆண்டு டிக்கெட் விற்றவர்கள்தான் அதற்குச் செலவழிக்க வேண்டும்.